காப்பர் டி-யும் சம்பந்தியின் மீன் நேர்ச்சையும்

குளச்சல்,
அக்டோபர் கடைசி ஞாயிறு.

அன்பு மகள் ஜெனிலாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் அம்மாவும் இங்கே நல்ல சுகம், அம்மாவின் முட்டுவலி மட்டும் மழைக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. நீயும் மாப்பிள்ளை டிஜோவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், பஹ்ரைனில் சூடு குறைந்துவிட்டதாக அங்கிருந்து லீவில் வந்திருக்கிற முருகதாஸ் சொன்னான். லீவு முடிந்து அவன் திரும்புகிறான், அவன் கையில்தான் இந்தக் கடிதத்தையும் பார்சலையும் கொடுத்துவிடுகிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிற காலத்தில் இந்த மனுஷன் எதற்குப் பேனா எடுத்தார் என்று நீ சிரிப்பாய். உன் அம்மா ஸ்பீக்கரில் போடாமல் போன் பேச மாட்டாள், சுவருக்கு அந்தப் பக்கம் பிரகாசி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள், நான் சொல்லப்போகிற விஷயமோ நேரில் சொல்லவே நாக்கு கூசுகிற விஷயம். அதனால் எழுதுகிறேன், நீயும் அப்பா எழுதுகிறாரே என்று கூசாமல் கடைசிவரை வாசிக்க வேண்டும்.

டிசம்பரில் நீங்கள் வரப்போவதில்லை, டிக்கெட் விலை கூடிப்போச்சு என்றுதான் அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள், நானும் மண்டையை ஆட்டிக்கொண்டேன். உண்மையில் நீ அவளிடம், "அங்க வந்தா எல்லாரும் எனக்க வயித்தத்தான் பாப்பாங்க, கல்யாணம் கழிஞ்சு ரெண்டு வருசம் ஆச்சே இன்னும் ஒண்ணும் இல்லையான்னு கேப்பாங்க, நான் வரல்ல" என்று சொன்னாயாம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது மூன்று வாரத்துக்கு முன்னால், நம் வீட்டில் தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் நடந்த அன்றுதான். அன்பியத்துக்கு ஒருங்கிணைப்பாளர் நான்தானே, மன்றாட்டுகளை நான்தான் வாசிப்பேன். போன தவக்காலத்திலிருந்து வாராவாரம், எங்கள் மகள் ஜெனிலாவுக்குக் குழந்தைப் பாக்கியம் தரவேண்டுமென்று ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம் என்று தொண்டை கிழிய வாசித்திருக்கிறேன், தெருவே சேர்ந்து எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று பதில் சொல்லும். உன் அம்மா மட்டும் அந்த இடம் வரும்போதெல்லாம் காப்பி போட அடுக்களைக்குப் போய்விடுவாள். பாவம், மகளை நினைத்து அழப் போகிறாள் என்று நான் நினைத்தேன். எவ்வளவு பெரிய மடையன் பார்!

அன்றைக்குப் பார்த்து அருமனையிலிருந்து உன் மாமியார் பூங்கனியும் வந்திருந்தார். நான் அந்த மன்றாட்டை வாசித்து முடித்ததும் பிரகாசி பெருமூச்சு விட்டு, "ஜெனிலா பாவம், கெர்ப்பப்பையில என்ன கோளாறோ" என்றாள். நீங்கள் வராதது தெரியாத சம்பந்தி உடனே, மார்த்தாண்டத்தில் குழந்தையில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரிடம் டிசம்பருக்கு டோக்கன் சொல்லிவைத்திருப்பதாகவும், நீ வந்து இறங்கியதும் கையோடு கூட்டிப்போகப் போவதாகவும் சொன்னார். அவ்வளவுதான், அடுக்களையிலிருந்து கரண்டியும் கையுமாக வந்தாளே உன் அம்மா! "எனக்க மோளுக்கு ஒரு கோளாறும் இல்ல, பிள்ளை இப்ப வேண்டாமுன்னு அவ காப்பர் டி வச்சிருக்கா, அவளும் மாப்பிள்ளையும் சேந்து போயித்தான் வச்சாங்க, எப்ப வேணுமோ அப்ப எடுப்பாங்க" என்று மெழுகுவர்த்தி எரிகிற மேசைக்கு முன்னால் நின்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். எனக்கு அடுத்த மன்றாட்டு எதுவென்றே மறந்துபோய்விட்டது, மழைக்காக வைத்திருந்ததை விட்டுவிட்டு நேரே பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்று ஆரம்பித்துவிட்டேன்.

ஜெபம் முடிந்ததோ இல்லையோ பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். பிரகாசி, "ஒண்ணு பெத்தவளுக்கு வைப்பாங்க, ரெண்டு பெத்தவளுக்கு வைப்பாங்க, பெறாதவளுக்கு எவளாவது வைப்பாளா, பொறவு வயித்துல ஒண்ணும் தங்காது" என்கிறாள். இன்னொருத்தி அது மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்கிறாள். பிள்ளை பெற்ற கையோடு தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே வைத்துவிட்டார்கள், வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது என்று ஒருத்தி பழைய கோபத்தில் அழுதாள். போன மே மாதம் கல்யாணமான ஜின்சி மட்டும் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அம்மாவிடம் போய், மாமி, வைக்கும்போது ரொம்ப நோவுமா என்று கேட்டாளாம். நான் ஆம்பிளை, எழுந்து போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சம்பந்தி மட்டும் முகம் சிவந்து, காப்பியைத் தொடாமல், "டிசம்பர்ல வரட்டும், அதை எடுத்துப்போட்டுட்டுத்தான் மறுபேச்சு" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிவிட்டார்.

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது மக்ளே, பொய் சொல்ல மாட்டேன். இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு தீப்பெட்டி வாங்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தவன் நான். சபை இதை ஒத்துக்கொள்ளாது என்கிற பயம் வேறு, அதை நீயும் ஆண்டவரும் பேசிக்கொள்ளுங்கள், அதில் தலையிட எனக்குப் படிப்பு போதாது. ஆனால் பிரகாசி சொன்னது மட்டும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது, என் பிள்ளைக்கு உள்ளே ஏதாவது கெட்டுப்போனால் என்ன செய்வது? மறுநாளே அம்மாவைக் கிளப்பிக்கொண்டு தக்கலையில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்கள், முன்னெல்லாம் நாங்களே பெறாதவர்களுக்கு வைக்கத் தயங்குவோம், இப்போது அப்படியில்லை, வைக்கும்போது கொஞ்சம் நோவு கூடுதலாக இருக்கலாம், சிலருக்கு நழுவி வெளியே வந்துவிடலாம், மற்றபடி கர்ப்பப்பை கெடாது, எடுத்துவிட்டால் பழையபடி குழந்தை உண்டாகும் என்று. நான் எஞ்சின் மெக்கானிக் அல்லவா, செம்பாச்சே டாக்டர், உப்புத்தண்ணியில கெடக்கிற செம்புல பச்சைக் களிம்பு பிடிக்குமே என்று கேட்டுவிட்டேன். உன் அம்மா என் தொடையில் கிள்ளினாள், இன்னும் தடம் இருக்கிறது. டாக்டர் சிரித்து முடித்துவிட்டு, உங்க மகள் அவங்களா விரும்பி வச்சதா, யாராவது வற்புறுத்தி வச்சதா என்று கேட்டார்கள். அவளே விரும்பித்தான், மாத்திரை போட்டால் தலைவலி வருகிறது என்று இதற்கு மாறினாள் என்று அம்மா சொன்னாள். அப்புறம் எதுக்கு ரெண்டுபேரும் இவ்வளவு தூரம் வந்தீங்க என்றார்களே பார்க்கணும்!

எனக்குப் பாதி பாரம் இறங்கியது, மீதி அருமனையில் இருந்தது. வெறுங்கையோடு சம்பந்தி வீட்டுக்குப் போகக்கூடாது என்று துறைமுகத்தில் நல்ல நெய்மீன் ஒன்று வாங்கி, ஐஸ் போட்டு, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனேன். ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்த உன் மாமியார் மீனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். இவ்வளவு கோபமா என்று நான் விழிக்க, உன் மாமனார் ஆன்ட்ரூஸ்தான் மெதுவாகச் சொன்னார், அவள் மீன் சாப்பிட்டு மாசக்கணக்கு ஆச்சு சம்பந்தி, மருமகள் உண்டாகிறவரை மீன் தொடமாட்டேன் என்று அந்தோணியாருக்கு நேர்ந்திருக்கிறாள் என்று. தவக்காலத்தில் தொடங்கினாராம், ஈஸ்டருக்கு எல்லாரும் நோன்பு முடித்தார்கள், இவர் முடிக்கவில்லை. காலையில் மீன்காரன் ஹாரன் அடித்தால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாராம். பின்பக்கமிருந்து உன் மாமியார் வெடித்துக்கொண்டு வந்தார். "காப்பர் டி வச்சதுக்கு இல்ல சம்மந்தி எனக்குக் கோவம், ஒங்க பெண்டாட்டிக்குத் தெரியும், எனக்க மோனுக்குத் தெரியும், எனக்கு மட்டும் ஒரு வார்த்த சொல்லாம, நான் பாட்டுக்கு சோத்துக்கு ஊறுகா தொட்டுத் தின்னுட்டுக் கெடந்தேனே" என்று கேட்டார். எனக்கும் யாரும் சொல்லல்ல சம்பந்தி, நானும் தெருவக் கூட்டி ஜெபம் பண்ணிட்டுக் கெடந்தேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், ரெண்டுபேருக்கும் சிரிப்பு பீறிட்டுவிட்டது, ஆன்ட்ரூஸ் சம்பந்திக்குப் புரையேறி இருமல் வந்துவிட்டது.

டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். எத்தனை வருஷம் கழித்துப் பெறுவார்கள் என்று உன் மாமியார் கேட்டார், அது அவர்களுக்குத்தான் தெரியும் என்றேன். உடனே என் முன்னாலேயே மார்த்தாண்டத்துக்குப் போன் போட்டு டோக்கனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு அவர்கள் பங்குச் சாமியாரிடம் கேட்க, அவரும் நேர்ச்சையை மாற்றி, முதியோர் இல்லத்துக்கு மாதம் ஒருநாள் சோறு கொடுக்கச் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் எனக்குப் போன், "சம்மந்தி, சாளை மீன் கெடைக்குமா" என்று. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இனி அம்மா எழுதச் சொன்னவை. மாதவிலக்கு முன்னைவிடக் கூடுதலாகப் போகும் என்று டாக்டர் சொன்னார்கள், அதனால் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் தவறாமல் சாப்பிட வேண்டும், ஒருதடவை டாக்டரிடம் காட்டி அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதை எழுதும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் எழுதினேன், எழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம். பார்சலில் நெத்திலிக் கருவாடும் ஏத்தங்காய் சிப்சும் இருக்கிறது, மிளகாய்ப்பொடி உன் மாமியார் இடித்தது, காரம் பார்த்துப் போடு.

சாளையை வாங்கிக்கொண்டு நிற்கும்போது, நீங்கள் வராததன் காரணத்தை நான் சொன்னதும் சம்பந்தி ஒன்று சொன்னார், அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். "கையில ஒரு கொச்சு இல்லாம வந்தா எனக்க நடையில ஏறப்பிடாதுன்னு நான் எப்பமாவது சொன்னேனா? அவ வந்தாத்தானே எனக்க மோனும் வருவான், கண்ணால கண்டு ரெண்டு வருசம் ஆச்சு" என்று சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. மக்ளே, எனக்கும் பேரப்பிள்ளை வேண்டும் என்று ஆசை உண்டு, நிறையவே உண்டு. அதற்காக, இன்னும் பிறக்காத பிள்ளைக்காக, பெற்று வளர்த்த பிள்ளையைப் பார்க்காமல் இருக்க என்னால் ஆகாது. நீ வா.

ஆண்டவர் உங்கள் இரண்டுபேரையும் கண்ணின் மணிபோல் காக்கட்டும், மாதா உன் டியூட்டியிலும் வழியிலும் கூட வரட்டும். விலை எவ்வளவானாலும் டிக்கெட் எடுத்துவிட்டு நாளைச் சொல், இரணியல் ஸ்டேஷனில் நானே வந்து நிற்பேன்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
ததேயுஸ்