கூறு போட்டவர் கடைசியில்

ஆனி 5, வியாழன்

வெயில் பொசுக்குகிறது. ஆற்றுத் தண்ணீர் வருமுன் குளத்தில் மீன்பிடி. ஊரே சேற்றுக்குள். பாசன சங்கத் தலைவர் மாணிக்கம் மாமாதான் மீனைக் கூறு போட்டார். கூறு போட்டவர் கடைசியில் எடுக்க வேண்டும், ஊர் வழக்கம். அந்தப் பயத்திலேயே கூறுகள் சமமாக விழும். இன்று கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டார் போல. என் கூறில் முழங்கை நீள விரால் ரெண்டு. அவருக்கு மிஞ்சியது பொடிக் கெளுத்தி. "சட்டம்னா சட்டம்தான்" என்று சிரித்துக்கொண்டே வாரிக்கொண்டு போனார்.

நல்ல மனுஷன். மேல்மடைக்காரர், தண்ணீர் முதலில் அவர் வயலுக்கு. நாங்கள் கடைமடை. அது ஒன்றுதான் குறை.

குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல்.

ஆனி 10, செவ்வாய்

வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சு. இந்த வருஷம் ஷட்டர்களைத் திறந்து மூடுவது ஏஐ மெஷின். சோதனைக்கு எங்கள் வாய்க்கால். பொறுப்பு நூர்ஜஹான், கூத்தாநல்லூர்ப் பெண், இன்ஜினியர். ஆரத்தி எடுக்காத குறையாக வரவேற்பு. மாமா மைக்கில்: "இனிமே சண்டையே கிடையாது. மனுஷன் கையே படாது."

நாற்றங்காலுக்குக் கெஞ்சி வாங்கிய போர்வெல் தண்ணீர் இன்றோடு சரி.

வாங்க வேண்டியது: உளுந்து, சோப்பு, போன் கவர்.

ஆனி 13, வெள்ளி

மேல்மடையில் தவளைக் கச்சேரி. இங்கே புழுதி. நாற்று நுனி மஞ்சள். எரிச்சல். நூர்ஜஹானை டீக்கடையில் பிடித்தேன்.

"மெஷின் ஏன்மா எங்க பக்கம் திரும்பியே பார்க்க மாட்டேங்குது?"

லேப்டாப்பைத் தட்டினாள். முகம் சுருங்கிவிட்டது. "பழைய வருஷத்து ஷட்டர் கணக்கை வெச்சுதான் அக்கா அதுக்குக் கத்துக் கொடுத்தோம். மேல்மடைக்கு நிறையத் தண்ணி போயிருக்கு. அங்கதான் தேவை அதிகம்னு எடுத்துக்கிச்சு."

வராத தண்ணீருக்கு நாங்கள் காத்துக் கிடந்தது எந்தக் கணக்கிலும் இல்லை.

"மாத்த முடியுமா?"

"முடியும். ஆனா எப்படின்னு சங்கம்தான் அக்கா சொல்லணும். நானா மாத்தக் கூடாது."

நியாயம்தான். வடை வாங்கிக் கொடுத்தேன். ஞாயிறு கூட்டம். நாற்று போனால் இந்த வருஷம் குறுவை இல்லை.

ஆனி 15, ஞாயிறு

கூட்டம். மாமா: "மெஷினுக்கு மேல்மடை, கடைமடைன்னு தெரியுமா? அது பொதுவான ஆளு."

எழுந்தேன்.

"அதுக்குப் பாடமே நீங்க எடுத்த தண்ணிதானே மாமா? அப்ப கூறு போட்டது மெஷின் இல்லை, மேல்மடை. கூறு போட்டவங்க கடைசியில எடுக்கணும். குளத்துல நீங்க சொன்ன அதே சட்டம்."

பின்னாலிருந்து யாரோ, "கெளுத்தி!" கூட்டம் முழுக்கச் சிரிப்பு. மாமாவும். "விரால் சாப்பிட்ட தெம்புல பேசுறா!"

தீர்மானம்: கடைமடை போனில் 'வந்தது' என்று அழுத்திய பிறகுதான் மேல்மடை ஷட்டர் திறக்கும். அழுத்தும் ஆள் நானாம். பெயரைச் சொன்னதே மாமாதான்!

சிங்கப்பூரில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "நீயா பேசுன? நீயா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனி 17, செவ்வாய்

லேசான மேகம். வந்துவிட்டது! நுரையும் சருகுமாக ஓடி வந்தது. செருப்பை எறிந்துவிட்டு இறங்கினேன். நூர்ஜஹான் கரையில் நின்று கத்துகிறாள், கை தட்டுகிறாள். நாற்றங்கால் நிறைந்தது. வீட்டுக்காரருக்கு வீடியோவில் காட்டினேன்.

போனில் மெஷின் கேட்கிறது: தண்ணீர் வந்ததா?

விரல் போகவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறட்டுமே, நாளைக்கும் ஆகும், யாருக்குத் தெரியப் போகிறது? ஆக, மேல்மடைப் புத்தி எனக்கும் உண்டு. சிரிப்பு வந்தது. வெட்கமும்.

மாமா போனில் கூப்பிட்டார். "வசந்தா, தண்ணி வந்துடுச்சாம்மா?"

வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து நான் அவரிடம் கேட்ட கேள்வி. எப்ப மாமா விடுவீங்க, எப்ப மாமா வரும்.

"வந்துடுச்சு மாமா" என்றேன். அழுத்தினேன். ஈர விரல், போன் எடுத்துக்கொள்ளவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினேன்.