ஒரு கை தண்ணீர்

ஜூலை 14, ஞாயிறு

காலையில் என் மனைவி எண்ணூர்க் கடலில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். அவளுடைய புதுச் சபையில் அதுதான் முறை. நான் போகவில்லை. ராயபுரத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசை பார்த்துவிட்டு வந்தேன்.

ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: “கொயந்தையில தலைல ஊத்துனதுலாம் செல்லாதுப்பா. விவரம் தெரிஞ்சு, முங்கி எய்ந்தாதான் ஞானஸ்நானம்.”

“அப்போ நம்ம பாப்பாவுக்கு நான் ஊத்துனது?”

துவட்டிய கை நின்றது. “அது வேற” என்றாள்.

பாப்பா பிறந்து இரண்டு மணி நேரம்தான் இருந்தாள். பாதிரியார் வர நேரமில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் ஞானஸ்நானத்தை யாரும் கொடுக்கலாம் என்பதால் ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீரை நானே ஊற்றினேன்.

எப்படி வேற என்று நான் கேட்கவில்லை. அன்று பாப்பாவின் தலையைத் தாங்கிக்கொண்டு, “சீக்கிரம் ஊத்துப்பா” என்றது அவள்தான்.