எல்லையில் மாறிய சொல்

சின்னவளே,

ஓஸ்லோவில் ரயில் ஏறியதிலிருந்து உன் அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். எங்களுக்குக் கட்டியிருந்த சீஸ் ரொட்டி முழுவதையும் எதிர் இருக்கைக்காரியிடம் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

அவள் ஸ்வீடன்காரி. "உங்க வீட்டுக்காரர் ரொம்ப 'ரார்'ங்க" என்றாள். வேற்றாளுக்கே தெரிந்துவிட்டதா? பிறகுதான் உறைத்தது: நம் நார்வேயில்தான் 'ரார்' என்றால் ஒரு மாதிரியான ஆள், ஸ்வீடனில் தங்கமானவர்.

அதை அவரிடமே சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்து, என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீங்களும் தங்கமானவங்கதான். உங்க வீட்டுக்காரர் கொடுத்து வச்சவர்" என்றார் என்னிடம்.

இப்போது என் தோளில் சாய்ந்து தூங்குகிறார். ஸ்டாக்ஹோம் வந்துவிட்டது. எழுப்பத்தான் பயமாக இருக்கிறது.

அம்மா