கறி இருந்த இடத்தில்

மதியச் சோற்றுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு,

உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆட்டுக்கறி வாசனை வந்தது. கல்பாசியும் சோம்பும் எண்ணெயில் பொரிந்த வாசனை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நீ போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. முன்தினமே திதி கொடுத்தாயிற்று; அன்று உனக்குப் பிடித்ததை இலையில் படைக்கும் நாள். உள்ளே போய்ப் பார்த்தால், மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை, அதில் சோறு, கறிக்குழம்பு, சுக்கா, போதாதென்று ஒரு நல்லி எலும்பு. ஏழு வருஷமாகக் கறியைத் தொடாதவளுக்கு நல்லி எலும்பா?

"என்னண்ணே இது? அவ சைவமாச்சே!" என்று உன் வீட்டுக்காரரிடம் கேட்டேவிட்டேன். அவர் என்னைப் பார்த்து விழித்தார். அவர் சொன்ன பதிலுக்கு வருமுன், நாம் கறியை விட்ட கதையை ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. எனக்கு எதையும் ஆதியிலிருந்து சொன்னால்தான் புரியும், உனக்கே தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு மதியம், நம் தேவகோட்டைப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். கொழுப்பு ஏகத்துக்கும் ஏறியிருந்தது. என் அப்பா ஐம்பத்திரண்டு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். எனக்கு அப்போது ஐம்பது. டாக்டரம்மா கறியை நிறுத்தச் சொல்லிவிட்டார். "தவக்காலத்துல நாப்பது நாளு விடுறவதான நீ, இதுக்குப் போயி அழுகுற?" என்றாய். "அதுக்குக் கடைசியில ஈஸ்டர் இருக்குடி. இதுக்கு ஈஸ்டரே இல்லையே" என்றேன். நீ சிரித்தாய். பிறகு டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, "சரி, நானும் விட்டுர்றேன். ரெண்டு பேருமா விடுவோம்" என்றாய். ஆட்டுத் தொடையைப் பார்த்தால் கண் விரியும் வயல்காட்டுக்காரி நீ. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆனால் முதல் மூன்று மாதம் நாம் அடித்த கூத்து இருக்கிறதே! சைவம் என்றால் உடம்புக்கு நல்லது, அவ்வளவுதான் நமக்குத் தெரிந்தது. தவக்கால வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டையே நான் வருஷம் முழுக்க நீட்டினேன்: குவித்த சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். சாயங்காலம் ஐந்து விளக்கு நிறுத்தத்தில் பஸ் இறங்கியதும் வெள்ளைப் பணியாரம், சீயம், மசால் போட்ட வடை. "சைவந்தானே" என்று ஒரு சீயம் கூடவே தின்பேன். மூன்றாவது மாதம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. முடி கொத்தாக வந்தது. எடை மட்டும் மூன்று கிலோ கூடியிருந்தது.

டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, கொழுப்பு அப்படியே இருக்கிறது, ரத்தம்தான் குறைந்துவிட்டது என்றார். "கறிய எடுத்தீக, சரி. அது இருந்த எடத்துல என்னத்த வச்சீக?" என்று கேட்டார். நான் யோசித்து, "உருளைக்கிழங்கு" என்றேன். கூட வந்திருந்த நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாய்.

அந்தக் கேள்வி உன்னைப் பிடித்துக்கொண்டது. அறிவியல் டீச்சர் இல்லையா. "கறிக்குள்ள அப்பிடி என்னதான்டி இருந்துச்சு?" என்று பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாய். மறுநாளிலிருந்து என் வயிறுதான் உன் சோதனைக்கூடம். முளைகட்டிய பச்சைப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை, எள்ளுத் துவையல், கேப்பைக் கூழ், கெட்டித் தயிர். முருங்கைக்கீரையில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் அதிலிருக்கும் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும் என்று எங்கோ படித்துவிட்டு வந்து என் தலையிலேயே பிழிந்தாய். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து வீணாகும் என்று தெரிந்ததும், டீ கொண்டுவரும் அக்காவை ஒரு மணி நேரம் கழித்து வரச் சொன்னாய். ஆசிரியர் அறையே நம்மைச் சபித்தது. கீரையாலும் பயறாலும் ஈடுகட்ட முடியாத ஒரு சத்துக்கு டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதையும் நான் விழுங்கும் வரை எதிரே நின்று பார்ப்பாய்.

"சோறு விருந்தாளியா வரணும்டி, வீட்டுக்காரனா உக்காந்துக்கிறக் கூடாது." இது நீ சொன்னது. என் தட்டில் பாதி காய், கால் பங்கு பயறு, மிச்சத்தில்தான் சோறு என்று ஆனது இப்படித்தான். அடுத்த வருஷம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. ரத்தம் ஏறியது, கொழுப்பு இறங்கியது. அப்பாவின் ஐம்பத்திரண்டை நான் தாண்டிய அன்று நீதான் பாகற்காய்ப் பொரியல் கொண்டுவந்தாய். உனக்குப் பாகற்காய் ஆகாது. முகத்தைச் சுளித்துக்கொண்டே என்னோடு தின்றாய்.

சில திங்கட்கிழமைகளில் உன் கையில் மசாலா வாசனை வீசும். கேட்டால் "காய்கறிக் குருமா" என்பாய். நானும் நம்பினேன். நான் ஒரு மட்டி.

இனி உன் வீட்டுக்காரர் சொன்ன பதிலுக்கு வருகிறேன். "என்ன டீச்சர் சொல்றீக? ஞாயித்துக்கிழம கறி இல்லாம அவ என்னைக்கு இருந்தா?" என்றார். பிறகு அவருக்கே புரிந்து, தலையைச் சொறிந்தார். "ஒரு ஞாயித்துக்கிழம வர்றேன்னு திடீர்னு போன் பண்ணுனீகளே, நெனவிருக்கா? கறிச் சட்டிய மாட்டுக் கொட்டகையில கொண்டுபோய் வைக்கச் சொன்னா. நீங்க போற வரைக்கும் நாய அண்டவிடாம நாந்தேன் காவல் இருந்தேன்."

முதலில் கோபம்தான் வந்தது. ஏழு வருஷம் ஏமாற்றியிருக்கிறாய். பிறகு கையில் கம்போடு கறிச் சட்டிக்குக் காவல் நின்ற அந்த மனிதரை நினைத்து, உன் படத்துக்கு முன்னாலேயே சிரித்துவிட்டேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. காய்ச்சலென்று படுத்துப் பத்தே நாளில் நீ போனபோது கூட இப்படி அழவில்லை. உன் மகள் எனக்குத் தனி இலை போட்டு மொச்சைக் கூட்டு வைத்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. ஒருமுறையாவது உண்மையைச் சொல்ல உனக்கு வாய் வந்திருக்குமா? நீ சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனா? மாட்டேன். ஒரே மாதத்தில் கறிக்கடையில் போய் நின்றிருப்பேன். தனியாக ஒன்றை விடுகிற ஆள் இல்லை நான். அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு, போன மாதம், பள்ளத்தூரில் இருக்கும் என் தம்பிக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "சீனி இல்லாம எப்பிடிக்கா காப்பி குடிக்கிறது?" என்றான். எனக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை. "நானும் விட்டுர்றேன்டா. ரெண்டு பேருமா விடுவோம்" என்றேன்.

தினமும் சாயங்காலம் காப்பி வேளைக்குப் போன் செய்கிறான். "கசக்குதுக்கா" என்கிறான். "எனக்கும்தான்டா, பழகிரும்" என்கிறேன். போனில் அவனுக்குச் சத்தம் கேட்காதபடி, ஸ்பூன் டம்ளரில் படாமல் சீனியைக் கலக்க இப்போது எனக்கு வந்துவிட்டது.