மாவு படாத அறை

ஜனவரி 9

அன்புள்ள சிட்டு,

இங்கே நானும் பேக்கரி அடுப்பும் நலம். இரண்டு பேரும் சூடாகவே இருக்கிறோம்.

கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துவிட்டு வருகிறேன் என்று அக்கா வீட்டுக்குப் போனவள், பொங்கிப் போட ஆள் கிடைத்ததும் அங்கேயே தங்கிவிட்டாய் போலிருக்கிறது. விரல் வீக்கம் எப்படி? கேக்கின் மேல் பெயர் எழுத இங்கே ஆளில்லை. நேற்று நானே எழுதினேன். வாங்க வந்த அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், கோழி கிளறிவிட்ட மாதிரி இருக்கே?" என்றார்கள்.

நீ கிளம்பும்போது, "வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா? அன்றைக்கு ஆர்டர் நெருக்கடி. என் வாய்தான் உனக்குத் தெரியுமே.

இத்துடன் ரஸ்க் டின் வருகிறது. உனக்குப் பிடித்த மாதிரி நன்றாகக் கரகரவென்று சுட்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் பங்கு வைக்காமல் நீயே சாப்பிடு.

உன்
மாஸ்டர்

ஜனவரி 28

அன்புள்ள மாஸ்டருக்கு,

ரஸ்க் வந்தது. டின்னைத் திறந்ததும் நம் கடை வாசனை. அக்கா, "உன் வீட்டுக்காரர் ஆளை அனுப்பாம வாசனையை அனுப்பியிருக்காரே" என்று கேலி செய்தாள்.

ஒன்றை உங்களிடம் மறைக்க மனமில்லை. இங்கே வந்தபின் என் கை தேறிக்கொண்டே வந்தது. தலையை நானே பின்னிக்கொண்டேன். அக்கா வீட்டில் எந்நேரமும் சோறுதான், ரொட்டி வாங்கும் வழக்கமில்லை. ஓய்வுதான் காரணம் என்று இருந்தேன். உங்கள் ரஸ்க்கைக் காலையும் மாலையும் டீயில் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்ததும் வயிறு பழையபடி கலங்கியது. பின்னாலேயே விரல்களும் பிடித்துக்கொண்டன. அப்போதும் நிறுத்தவில்லை. நீங்கள் சுட்டு அனுப்பியதை ஒதுக்கிவைக்க மனம் வரவில்லை.

அக்கா மூட்டு டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் கையைப் பார்ப்பதற்கு முன்பே, "வயிறு எப்படிம்மா இருக்கு? ரத்தம் ஏன் இவ்வளவு குறைவு? மாத்திரை ஏன் உடம்புல ஒட்டவே மாட்டேங்குது?" என்று கேட்டார். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். கோதுமை எனக்கு ஆகவில்லையோ என்று சந்தேகப்படுகிறார்.

கோபப்படாதீர்கள்.

சிட்டு

பிப்ரவரி 4

சிட்டு,

நன்றாக இருக்கிறது. கல்யாணமான நாள் முதல் நம் இரண்டு பேருக்கும் சோறு போட்டது கோதுமை. கடைத்தெரு முழுக்க என் ரொட்டியைத்தான் தின்கிறது. ஒருத்தரும் படுக்கையில் விழவில்லை. கட்டின பெண்டாட்டிக்கு மட்டும் அது விஷமாகிவிட்டதாம். வராமலிருக்க ஒரு காரணம் வேண்டுமென்றால் நேராகச் சொல். மாவின் மேல் ஏன் பழியைப் போடுகிறாய்?

மாஸ்டர்

பிப்ரவரி 26

அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அதற்காக நான் சொன்னது பொய்யாகிவிடாது.

குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். சீலியாக் என்று பெயர் சொன்னார்கள். கோதுமையில் இருக்கும் பசை உள்ளே போனால் என் உடம்பு தன் குடலையே எதிரி என்று நினைத்து அரித்துவிடுகிறதாம். என் விரல்களைப் பிடித்திருக்கும் முடக்குவாதத்திலும் இதே கதைதான், அங்கே மூட்டு அகப்பட்டுக்கொள்கிறது. "ரெண்டும் சொந்தக்கார வியாதிங்கம்மா. ஒண்ணு இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணும் வர வாய்ப்பு மத்தவங்களைவிட ஜாஸ்தி" என்றார் டாக்டர். கோதுமையை விட்டால் கை பூரணமாகக் குணமாகுமா என்று கேட்டேன். "அந்த வாக்கு நான் குடுக்க மாட்டேன். மூட்டு மாத்திரையும் நிறுத்தக் கூடாது. ஆனா குடல் ஆறினா சத்தும் மருந்தும் உள்ள ஒழுங்கா சேரும். சில பேருக்கு வலியும் குறையுது" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். நான் கோதுமையை அடியோடு விட்டிருந்தால் பரிசோதனையில் பிடிபடாமலே போயிருக்குமாம். உங்கள் ரஸ்க்தான் காட்டிக் கொடுத்திருக்கிறது.

பொடியளவு கோதுமைகூட ஆகாதாம். நம் வீடு இருக்கிற இடத்தை நினைத்தேன். கீழே மாவு பிசைகிறீர்கள், மேலே நாம் தூங்குகிறோம். உங்களை விட்டுத் தள்ளியிருந்தால் தேறுகிறேன் என்று எழுதக் கை கூசுகிறது. நன்றாக இருக்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது.

சிட்டு

மார்ச் 12

அன்புள்ள சிட்டு,

என் போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. உன் கடிதத்தை நம் மருந்துக்கடைக்காரரிடம் படித்துக் காட்டினேன். "மாஸ்டர், அந்தம்மா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு எங்கிட்ட எத்தனை வருஷமா மாத்திரை வாங்கியிருக்காங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாது என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

மேல்வீட்டைச் சோப்புப் போட்டுக் கழுவியாகிவிட்டது. மெத்தை, திரை, பாத்திரம், அரிவாள்மணை எல்லாம் புதிது. படிக்கட்டில் கதவு வைத்துவிட்டேன். வா சிட்டு. ஒரு வாரம் இருந்து பார். உனக்குச் சோறு நானே வடிக்கிறேன்.

உன்
மாஸ்டர்

ஏப்ரல் 6

அன்புள்ள சிட்டு,

வந்து ஒரு வாரம் முடிவதற்குள், அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று அவசரமாகக் கிளம்பிப் போனாயே, அக்கா எப்படியிருக்கிறாள் என்று நான் கேட்கப் போவதில்லை. அவளுக்கு ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும்.

குழாயைத் திறந்துவிட்டால் குளியலறைச் சத்தம் வெளியே கேட்காது என்று நினைத்தாய். மத்தியானம் நான் அசந்து தூங்குகிற நேரம் பார்த்துத்தான் போனாய். நான் தூங்கவில்லை. முதல் நாளும் கேட்டது. மறுநாளும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். எழுந்து வந்து "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டால், அடுத்து "கிளம்பு" என்று நானே சொல்ல வேண்டியிருக்கும். இன்னும் ஒரு நாள் இருக்கட்டும், இன்னும் ஒரு நாள் என்று உன்னை வாந்தியெடுக்க விட்டேன்.

நீ போனபின் மேலே வந்து புது மேசையை விரலால் தொட்டுப் பார்த்தேன். வெள்ளையாக ஒட்டியது. கதவு என்ன செய்யும்? மாவை மேலே கொண்டு வருகிறவனே நான்தானே. என் தலைமுடியில் இருக்கிறது, காது மடலில் இருக்கிறது. உன் சோற்றை வடித்ததும் இந்தக் கைதான்.

இனிமேல் நீ இங்கே வராதே. கடையை மூடிவிடலாமா என்று யோசிக்கிறேன். வேறு தொழில் தெரியாது. ஆனாலும் யோசிக்கிறேன்.

மாஸ்டர்

ஏப்ரல் 15

அன்புள்ள மாஸ்டருக்கு,

நீங்கள் விழித்திருந்தது எனக்குத் தெரியும். தூங்கும்போது நீங்கள் விடுகிற குறட்டைக்குத் தெருநாயே குரைக்கும். அன்றைக்கு அறை அமைதியாக இருந்தது. நீங்கள் எழுந்து வரவில்லையே என்று எனக்கும் நிம்மதிதான். வந்து கேட்டிருந்தால் நானும் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆகவே குற்றத்தை முழுதாக நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதி எனக்கு வேண்டும்.

ஆனால் ஒன்றில் எனக்குக் கோபம். எனக்கு நோயில்லை என்று முதலில் நீங்களே முடிவு செய்தீர்கள். இப்போது நான் வரக் கூடாது என்றும் நீங்களே முடிவு செய்கிறீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கடையை மூடாதீர்கள். எனக்காக அடுப்பை அணைத்த மனிதரோடு என்னால் குடித்தனம் செய்ய முடியாது. உங்கள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வரும்.

வியாழக்கிழமை அக்காவோடு வருகிறேன். பேக்கரிக்கு வரமாட்டேன். நாலு தெரு தள்ளி வாடகைக்கு ஓர் அறை பார்க்கப் போகிறோம். வாசலிலேயே குளியலறை இருக்கிற அறையாக வேண்டும் என்று தரகரிடம் சொல்லிவிட்டேன். "எதுக்குங்க வாசல்ல?" என்று விழித்தார். என் வீட்டுக்காரர் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார் என்று சொன்னேன்.

என் கை முழுதாகச் சரியாகவில்லை. காலையில் இன்னும் விறைக்கிறது. கேக்கில் பெயர் எழுத இனி நான் வரமாட்டேன், அதற்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். சமையல் என் பொறுப்பு, பாத்திரம் கழுவுவது உங்கள் பொறுப்பு.

வேலைச் சட்டையைக் கடையிலேயே விட்டுவிட்டு, மாற்றுச் சட்டையோடு வாருங்கள். காது மடலை நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள். அதற்குப் பிறகு என் பக்கத்தில் உட்காருங்கள். சண்டை போட எனக்கு நிறைய இருக்கிறது.

சிட்டு