பஸ் நிறுத்தத்தில் ஒட்டிய முகம்

மார்ச் 4

மாடி அறைக்கு ஒருவழியாக ஆள் வந்துவிட்டது. சிற்பக் கல்லூரியில் பாடம் எடுக்கும் பெண். கூடவே இன்னொருவரும் குடிவந்திருக்கிறார். அவருக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை.

நாற்பது வருடங்களுக்கு முன் ரயில் பாலத்தடியில் ஆற்றில் ஒதுங்கிய இளைஞனாம். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கலாம். தண்ணீரில் ஊறி முகம் தெரியவில்லை. தேடி யாரும் வரவுமில்லை. இடுகாட்டில் எண் போட்டுப் புதைத்தார்கள். இப்போது சாலையை அகலப்படுத்தத் தோண்டியதில் வெளியே வந்துவிட்டான். புதிய இன்ஸ்பெக்டருக்கு அவன் பெயர் தெரியாமல் சோறு இறங்கவில்லையாம். மண்டையோட்டுக்கு அச்சு எடுத்து அதன் மேல் களிமண்ணால் முகம் செய்யும் வேலை இந்தப் பெண்ணுடையது.

அக்காவிடம் ‘சிலை’ என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். இந்த வீட்டில் உண்மையை நான் தவணை முறையில்தான் கொடுப்பது.

மார்ச் 9

“சார், உங்ககிட்ட வெர்னியர் இருக்குமா?” என்று கேட்டாள். ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா? இருபதாவது வயதில் எனக்கு யாராவது பெண் கொடுக்க முன்வந்திருந்தால்கூட இவ்வளவு வேகமாக எழுந்திருக்க மாட்டேன்.

மாலையில் விளக்கடியில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து வெர்னியரால் மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கிறேன். எலும்பின் மேல் எந்த இடத்தில் எவ்வளவு சதை என்பதற்குக் கணக்கு உண்டு. அந்த உயரத்துக்கு ரப்பர் துண்டுகள் ஒட்டி, அதுவரை மண் நிரப்ப வேண்டும். என் உயிருக்கு உகந்த வேலை.

“நெத்தி, கன்னம், தாடை வரைக்கும்தான் சார் கணக்கு. மூக்கு நுனி, உதடு, காது இதையெல்லாம் எலும்பு சரியா சொல்லாது. நம்ம மனசுக்குப் பட்டபடி வைக்கிறதுதான்.”

கணக்கில் வராத மூக்கு எந்த ஊர் நியாயம்? சொல்லவில்லை. சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ஏப்ரல் 2

முகம் முடிந்து, படம் பிடித்து, ஊர் முழுக்க ஒட்டியாகிவிட்டது. ‘இவரைத் தெரியுமா?’

தெரிகிறது. அதுதான் கோளாறு. சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “சார், நாப்பது வருஷம் முன்னாடி நீங்க செத்துப் போனீங்களா? ஒரு வார்த்தை சொல்லலியே!”

சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து பழைய கல்லூரிப் படத்தை எடுத்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றது.

ஏப்ரல் 3

அக்கா தெருச் சுவரிலிருந்தே ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“டேய், இது யாருடா?”

“தெரியலக்கா. அதனாலதான் ஒட்டியிருக்காங்க.”

“உன் மூக்கு. உன் வாய். காதப் பாரு, காத! நம்ம வீட்டுக் காதுடா இது!”

பிறகு இருவரும் ஒரே நேரத்தில் அப்பாவின் படத்தைப் பார்த்தோம். அப்பா பள்ளிகளை ஆய்வு செய்யும் அதிகாரி. மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஒழுக்கம் பற்றி அவர் ஆற்றிய உரைகளைக் கேட்டே எனக்கு முதுகு வளைந்தது.

“அந்த டூரெல்லாம் இப்பல்ல புரியுது,” என்றாள் அக்கா.

சாயங்காலம் அப்பா படம் சுவரில் இல்லை. செத்து முப்பது வருடம் கழித்துத் தற்காலிகப் பணிநீக்கம்.

ஏப்ரல் 10

இன்ஸ்பெக்டர் வந்தார். மரபணுச் சோதனைக்கு என் எச்சில் வேண்டுமாம். கட்டாயமில்லையாம். வீட்டுக்கு நேரில் வந்து கேட்பதுதான் கட்டாயமில்லாததன் அடையாளம் போலும்.

“குடுத்தா அப்பா மானம் கப்பலேறும்,” என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, “குடுக்கலேன்னா அந்தப் புள்ள அநாதையாவே போவான்,” என்றாள். இரண்டு கட்சிக்கும் அவளே வாதாடிவிட்டுத் தீர்ப்பை என்னிடம் விட்டாள். துப்பினேன்.

ஏப்ரல் 19

எழுபத்து நாலு வயதில் ஒரு தம்பி கிடைத்தால் என்ன செய்வது? எனக்குத் திட்டக்கூட யாரும் இருந்ததில்லை. திட்டு வாங்கியே பழக்கம்.

மே 21

முடிவு வந்துவிட்டது. அவனுக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை.

அப்பா உத்தமர். சந்தோஷப்பட வேண்டும். மாடிக்குப் போய் அவன் எதிரே உட்கார்ந்துவிட்டு வந்தேன். சந்தோஷம் அங்கேயும் இல்லை.

அக்கா இன்னும் அப்பா படத்தை மாட்டவில்லை. “மெஷின் தப்பு பண்ணும்டா. காது தப்பு பண்ணாது.”

மே 22

சவரம் செய்யும்போது கை நின்றுவிட்டது. என் இடது காது மடலில் ஒரு சின்ன வெட்டு. எனக்கு நாலு வயதில், பொம்மை ரயிலுக்காக நடந்த போரில், அக்கா கடித்தது.

பாதி நுரையோடு மாடிக்குப் போனேன். அவன் இடது காதிலும் அதே வெட்டு. சந்தேகத்துக்கு வெர்னியர் வைத்தும் பார்த்தேன் (என்ன பிறவி நான்?). பரம்பரையில் மூக்கு வரும், முன்கோபம் வரும். அக்காவின் பல் வருமா?

மண் பிசைந்த அத்தனை நாளும் அந்தப் பெண் நிமிர்ந்தபோதெல்லாம் எதிரே இருந்த ஒரே முகம் என்னுடையது. எலும்பு சொல்லாததை எல்லாம் நான் சொல்லியிருக்கிறேன், வாயைத் திறக்காமலே.

அக்காவிடம் சொன்னேன்.

“நான் எங்கடா கடிச்சேன்? நீதான் காதக் கொண்டாந்து வாயில வச்ச.”

படம் மறுபடி மாட்டப்பட்டது. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டாளா? கண்ணாடியை மட்டும் இரண்டு முறை துடைத்தாள்.

மே 23

அப்பா தப்பித்தார், சரி. அவன்? அவனைப் பெற்றவர்களோ உடன்பிறந்தவர்களோ சுவரைப் பார்த்திருந்தால் யாரைப் பார்த்திருப்பார்கள்? என்னை. நாற்பது வருடம் முகமில்லாமல் கிடந்தவனுக்கு ஒரு முகம் வந்தது. அதையும் நான் மறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பெண்ணின் பேர் கெடும்.

மே 24

சொல்லவில்லை. வெயில் அதிகம்.

மே 25

சொல்லவில்லை. வெயில் குறைவுதான்.

மே 26

சொல்லிவிட்டேன். என் காதை விளக்கடியில் திருப்பி அந்தப் பெண்ணுக்குக் காட்டினேன். அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஐயோ, நீங்களேதான் சார்!” மண் கையோடு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு கை கழுவிவிட்டு நேரே காவல் நிலையம் போனாள். தைரியசாலி. நான் அவள் பின்னால் போனேன். என் தைரியத்தின் வழக்கமான இடம் அது.

இன்ஸ்பெக்டர் தாளையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “ரெண்டு மாசமா ஊர் பூரா உங்க மூஞ்சிய ஒட்டி வச்சிருக்கேன் பெரியவரே. எலக்ஷன்ல நின்னிருந்தா ஜெயிச்சிருப்பீங்க.” அப்புறம் அவளிடம், “இன்னொரு தடவ செய்வீங்களாம்மா?” என்றார்.

ஜூன் 8

எனக்கு மாடியில் அனுமதி இல்லை. முன்பு குறித்து வைத்த அளவுகளைப் படிக்கட்டிலிருந்து கத்திச் சொல்கிறேன். “மேல வராதீங்க சார், எட்டிக்கூடப் பாக்காதீங்க!” சொந்த வீட்டில் எனக்கு ஊரடங்கு. அக்காவுக்கு மட்டும் போக்குவரத்து உண்டு. அவள் மூக்கு அம்மா வழியாம், ஆபத்தில்லையாம்.

இம்முறை ஒரே தாளில் மூன்று முகங்கள். மூன்று விதமான மூக்கு. காதுகளை முடி மூடியிருக்கிறது.

ஜூலை 1

மத்தியானம் ஒரு பெண்மணி வந்தார். இன்ஸ்பெக்டர்தான் கூட்டிவந்தார். அறுபதை நெருங்கும் வயது, மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. மாடியில் மூன்றாவது முகத்தின் முன் நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“எங்க அண்ணன்.”

அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, கப்பல் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவனாம். “போயிட்டான்னுதான் இருந்தோம். ஒரு கடுதாசி போடல பாரு, கல்நெஞ்சன்னு அம்மா சாகற வரைக்கும் அவனத் திட்டிக்கிட்டே இருந்தாங்க.”

போனவன் ரயில் பாலத்தைக்கூடத் தாண்டவில்லை.

“பழைய தாள் ஒண்ணு ஒட்டியிருந்தாங்களே, பாத்தீங்களா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவர் அதைக் கேட்காமலிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

“பாக்காம? ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்புல. தெனமும் அதுக்குக் கீழதான் நிப்பேன். யார் பெத்த புள்ளையோன்னு நெனச்சுக்குவேன்.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அகன்ற, நுனி சற்றே தட்டையான மூக்கு. எங்களுக்கு வேண்டியிருந்த மூக்கு அந்தத் தாளுக்குக் கீழேயே தினமும் பஸ்ஸுக்குக் காத்து நின்றிருக்கிறது.

ஜூலை 29

சோதனை முடிவு வந்துவிட்டது. அண்ணன்தான்.

ஆகஸ்ட் 3

இன்று அடக்கம். கல்லில் எண்ணை எடுத்துவிட்டுப் பெயர் வெட்டியிருந்தார்கள்.

பழைய தாளின் கதையை இன்ஸ்பெக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பெண்மணி நேற்றே என்னைக் கூப்பிட்டிருந்தார். “நான் எந்த முறையிலம்மா வர்றது?” என்றேன்.

“ரெண்டு மாசம் அவனுக்கு மூஞ்சி குடுத்திருக்கீங்க. அப்புறம் என்ன முறை?”

அதில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அக்கா என் வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். தானும் கிளம்பி நின்றாள். “ஒரு மாசம் தம்பியா இருந்தவன்டா,” என்றாள்.

திரும்பும்போது ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கினேன். பழைய தாள் இன்னும் இருந்தது. நகத்தால் சுரண்டினேன். நெற்றி வந்தது, தாடை வந்தது, அக்கா கடித்த காதும் வந்துவிட்டது. மூக்கு மட்டும் வரவில்லை.