ஊசி நின்ற இடம்

திருநகர், மதுரை
ஞாயிறு மாலை, 1980

அன்பு மகனுக்கு,

உன் ராக் அண்ட் ரோல் பாடகன் நடித்தானே, அந்தப் படத்தின் பாட்டுகளை மறுபடியும் இசைத்தட்டாகப் போட்டிருக்கிறார்கள். டவுன்ஹால் ரோட்டில் பார்த்தேன், வாங்கிவிட்டேன். பழைய தட்டு என் கையில் உடைந்ததையும், அன்றே நீ பெட்டியோடு கிளம்பியதையும் இங்கே எழுதப்போவதில்லை.

விஷயம் தெரிந்து உன் கூட்டாளிகள் இருவரும் வந்துவிட்டார்கள். சொக்கநாதனுக்கு ஒரே குஷி. "மாப்ள, டிரம்ஸ் சத்தம் இம்புட்டுத் தெளிவா நான் கேட்டதே இல்ல" என்றான். முத்திருளன் முகத்தைச் சுளித்தான். "கழுவித் தொடச்சு வச்ச மாதிரி இருக்குடா. பழசுல இருந்த உசுரு இதுல எங்க இருக்கு?" காபி ஆறும்வரை சண்டை. எனக்கு இன்னமும் அது கூச்சல்தான். ஆனாலும் எழுந்துபோகவில்லை.

மூன்றாவது பாட்டில் பழைய தட்டு ஓரிடத்தில் கீறல் விழுந்து, சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும் அல்லவா? அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுவாள். நீ ஓடிவந்து ஊசியைத் தள்ளிவைப்பாய்.

இன்று அந்த இடம் வந்தது. புதுத்தட்டு நிற்காமல் ஓடியது. ஆனால் அம்மா, பழக்கத்தில், உன் பேரைச் சொல்லி, "ஊசியத் தள்ளி வைடா" என்று குரல் கொடுத்துவிட்டாள்.



இனிமேல் சத்தத்தைக் குறைக்கச் சொல்லாத,
உன் அப்பா